எண்ணத் தெரிந்த நோய்

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு. வகுப்பில் சார் கத்தியைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தைப் பாதிதான் எழுதினேன். 'ஒரு செடியை வெட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போகும் முன் கத்தியை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்' என்பது வரை எழுதியதும் பென்சில் முனை உடைந்துவிட்டது. அதற்கு மேலும் ஏதோ இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். கை தூக்கிக் கேட்டிருக்கலாம். ஏற்கெனவே இரண்டு முறை கேட்டாகிவிட்டது, பின்வரிசையில் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். முக்கியமாக இருக்காது. துடைக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அதை எழுதியாகிவிட்டது.

டைரியில் இவ்வளவும் எழுதிவிட்டுக் கீழே ஒரு கோடு போட்டாள். கோடு நேராக இல்லை என்று அழித்துவிட்டு, அளவுகோல் எடுத்து வந்து மறுபடியும் போட்டாள். அப்படிப்பட்டவள். அதனால்தான் வீட்டில் அவளுக்குப் 'பரீட்சை' என்று பெயர். வைத்தவன் பெரியப்பாவின் மகன். "அவ பல்லு தேய்க்கறதைப் பாருங்கம்மா, யாரோ மார்க் போடறாங்கன்னு நெனச்சுத் தேய்க்கறா" என்று அண்ணன் ஒருநாள் சொல்லப்போக, அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் பெற்றோர் இருந்த ஊரில் பயிர்ப் பாதுகாப்புக்கு மாலை வகுப்பு கிடையாது. இங்கே இருந்தது, பெரியப்பாவின் வீடும் இருந்தது. ஆகவே பகல் முழுக்கப் பெரியப்பாவின் தக்காளிக் குடில்களில் வேலை, செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பஸ் ஏறி வகுப்பு என்று ஏற்பாடு.

வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரை போட்ட குடில்கள் இரண்டு. முன்குடிலில் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். பின்குடில் பிந்தி நட்டது. செடிகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் ஏறி, காய் குலை குலையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நிறம் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. முன்குடிலில் இந்தத் தடவை காய்ப்பு சுமார்தான். "பின்குடில் கைகொடுத்தா இந்த வருஷம் தலை நிமிரலாம்" என்று பெரியப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டுத்தான் முதல் வாய் எடுத்து வைப்பார்.

சங்கடம் முன்குடிலின் மூலையில் ஆரம்பித்தது. வடிகால் ஓரமாக மூன்று செடிகள் ஒரு வாரமாக விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தன. உச்சி வெயிலில் போய்ப் பார்த்தால் கொடியில் போட்ட ஈரத் துணிபோலத் தொங்கும். இலை மஞ்சளாகாது, புள்ளி விழாது. பச்சை பச்சையாகவே தலையைத் தொங்கப் போடும். அவள் அலறியடித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சொல்வாள். பெரியப்பா சந்தையிலிருந்து வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, வெயில் இறங்கிய பிறகுதான் குடிலுக்குள் காலெடுத்து வைப்பார். அதற்குள் மூன்றும் நிமிர்ந்து, தலைமை ஆசிரியர் வரும் சத்தம் கேட்ட வகுப்புபோல விறைப்பாக நிற்கும்.

"எங்க வாடியிருக்கு? நல்லாத்தானே நிக்குது!"

"மத்தியானம் தொங்கிச்சு பெரியப்பா."

"மத்தியான வெயில்ல நான்கூடத்தான் தொங்கறேன். கொஞ்சம் தண்ணி கூட விடு."

வாடினால் தண்ணீர். வாடாவிட்டால் வாடிவிடப் போகிறதே என்று தண்ணீர். பெரியப்பாவின் விவசாயம் அவ்வளவுதான். அவளுக்கு அவர் மேல் வந்த எரிச்சலைவிட அந்தச் செடிகள் மேல் வந்த எரிச்சல் அதிகம். இவ்வளவு நேரம் மயங்கிக் கிடந்துவிட்டு, சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் எதுவுமே நடக்காததுபோல நின்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

புதன்கிழமை மத்தியானம் அவள் ஒரு முடிவோடு இறங்கினாள். முந்தின நாள் வகுப்பில் காட்டித் தந்த சோதனை. மூன்றில் ஒரு செடியின் அடித்தண்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினாள். பழம் தரம் பிரிக்கும் அறைக்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் தண்ணீரில் மூழ்கும்படி கம்பியில் மாட்டித் தொங்கவிட்டாள். மேஜையின் மறுபக்கம் பெரியம்மா பழங்களைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் இல்லை. பிறகு தண்டின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு இழை இறங்கியது. ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பிடித்ததுபோல, மெல்ல நெளிந்து நெளிந்து டம்ளரின் அடிக்குப் போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று.

"என்னடி இது, பால் ஊத்தினியா?"

"பாக்டீரியா, பெரியம்மா. தண்டுக்குள்ள தண்ணி ஏறற குழாய் முழுக்க அதுதான் அடைச்சுக்கிட்டு நிக்குது. அதான் எவ்வளவு தண்ணி விட்டாலும் மேல போகல. இதுக்குப் பேரு வாடல் நோய்."

பெரியம்மா குனிந்து நன்றாகப் பார்த்தார். "அது எந்த நோயா வேணா இருக்கட்டும். அது நான் தண்ணி குடிக்கற டம்ளர்."

சாயங்காலம் பெரியப்பாவிடம் டம்ளரைக் காட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கலக்கி, மோந்தும் பார்த்தார்.

"சரி, மருந்து என்ன?"

"மருந்து இல்ல பெரியப்பா. பிடுங்கி எடுத்துடணும். அந்த மூலைக்குத் தண்ணி விடறதை நிறுத்தணும். பரவாம பாத்துக்கணும்."

"மருந்து சொல்லித் தராத வகுப்புக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போற?"

இருந்தாலும் பிடுங்கச் சொன்னார். அண்ணன் பிடுங்கினான். பையில் போட்டுக் கட்டு, மண் சிந்தாமல் எடுத்துப் போ என்று அவள் சொல்லச் சொல்ல, ஏதோ பிணத்தை இழுப்பதுபோல நடைபாதை நெடுக மண்ணைச் சிந்திக்கொண்டே இழுத்துப் போனான். "கையில ரெண்டு, காதுல நீ. எதைத்தான் தூக்கறது?" என்றான்.

இரண்டைத்தான் பிடுங்கினான். மூன்றாவதை விட்டுவைக்கச் சொன்னது அவள்தான். ஒப்பிட்டுப் பார்க்க நோய்ச் செடி ஒன்று கையருகே இருக்க வேண்டாமா? அது இல்லாமல் எதை வைத்து எதை அளப்பது? இதை அவள் மிக நிதானமாக விளக்கினாள். அண்ணன் கொட்டாவி விட்டான்.

மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகமே இல்லாமல் அவள் செய்த காரியங்கள் வாழ்க்கையில் குறைவு, ஆகவே இதில் ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. கண்ணில் படும் செடியை எல்லாம் எடுக்காதீர்கள், ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையிலும் அதே எண்ணில் மாதிரி எடுங்கள் என்று சார் சொல்லியிருந்தார். அவள் மூன்று என்று வைத்துக்கொண்டாள். அதற்கும் காரணம் இருந்தது. வரிசையில் முதல் செடிமேல் பழக்கூடை இடிக்கும். இரண்டாவதன்மேல் அண்ணனின் முழங்கை இடிக்கும். மூன்றாவதுதான் யார் தொந்தரவும் இல்லாமல் வளர்கிற செடி.

ஆக, வாரத்துக்கு இரண்டு தடவை சுற்று. முதலில் மூலையிலிருக்கும் நோய்ச் செடியில் ஒரு துண்டு. பிறகு முதல் வரிசை, மூன்றாவது செடி, அடியிலிருக்கும் பக்கக் கிளையில் ஒரு துண்டு. பிறகு இரண்டாம் வரிசை, மூன்றாவது செடி. இப்படியே கடைசி வரிசை வரைக்கும். இடுப்பில் வெள்ளைத் துணி ஒன்றை நாலாக மடித்துச் செருகியிருப்பாள். சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தியின் இரண்டு பக்கத்தையும் துடைப்பாள். ஒரு தடவைகூட மறந்ததில்லை. மறந்துவிட்டோமோ என்று தோன்றினால் இரண்டாம் தடவையும் துடைப்பாள்.

"ஆபரேஷன் முடிஞ்சுதா டாக்டர்? நோயாளி பொழைப்பாரா?" என்று அண்ணன் கயிறு கட்டிக்கொண்டே கேட்பான்.

"நீ கை கழுவிட்டு உள்ள வா முதல்ல."

"நான் கழுவறேன் தாயே, கழுவறேன். உன் செடிங்க முகம் கழுவிச்சா கேளு."

நோய்ச் செடியின் துண்டு ஒவ்வொரு தடவையும் பால் விட்டது. மற்றவை எல்லாம் தெளிவு. அடுத்த வாரம் அவளுக்கே ஒரு உறுத்தல். முன்குடில் ஏற்கெனவே நோய் வந்த இடம். நோயே வராத இடத்தோடு ஒப்பிட்டால்தானே கணக்கு முழுமையாகும்? பின்குடிலையும் சேர்த்துக்கொண்டாள். முன்குடிலை முடித்துவிட்டு, அதே கத்தி, அதே துணியோடு, பின்குடிலில் முதல் வரிசை, மூன்றாவது செடி.

பின்குடிலும் தெளிவு. அன்று அவள் கொஞ்சம் பாட்டுகூடப் பாடினாள் என்று பெரியம்மா பிறகு சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்குடிலில் ஒரு செடி தொங்கியது. மூலையில் இல்லை, வாசல் பக்கம். திங்களன்று நாலைந்து. செவ்வாயன்று அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியது எண்ணத் தெரியாமல் இல்லை, கோபத்தில். இந்த வீட்டில் ஒருவராவது சொன்னதைக் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா? சாப்பிட உட்கார்ந்த இடத்தில் எல்லோரையும் ஒரு பிடி பிடித்தாள்.

"நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். தண்ணியை நிறுத்துங்கன்னு சொன்னேன், நிறுத்தல. மண்ணைச் சிந்தாதேன்னு சொன்னேன், இவன் கோலம் போட்டுட்டுப் போனான். பெரியம்மா அந்த டம்ளரைக் கழுவி முன்குடில் வாசல்லயே ஊத்தினீங்க!"

"குடிக்கற டம்ளரை எடுத்தவ நீ. இப்ப எங்க ஊத்தினேன்னு எனக்கு விசாரணையா?" என்றார் பெரியம்மா.

பெரியப்பா வாய் திறக்காமல் சாப்பிட்டார். அது நல்லதற்கில்லை. அவர் பேசினால் எதிர்த்துப் பேசலாம். பேசாவிட்டால் தனக்குள் யாரையோ குற்றவாளியாகப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். வியாழக்கிழமை காலையில் தெரிந்தது, பிடித்தது நாற்று மாமாவை.

நாற்று மாமா பெரியம்மாவின் தம்பி. நாற்றங்கால் வைத்திருக்கிறவர். இரண்டு குடில்களுக்கும் நாற்று அவர் கொடுத்ததுதான். போன் செய்து வரச் சொல்லியிருந்தார் பெரியப்பா. என்ன விஷயம் என்று சொல்லவில்லை. மாமா ஏதோ விருந்துக்குக் கூப்பிட்டதுபோலச் சிரித்துக்கொண்டே வந்து, பழ அறையில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், சீக்குப் புடிச்ச நாத்தைத் தலையில கட்டிட்டீங்களே" என்றார் பெரியப்பா, எடுத்த எடுப்பில்.

மாமாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. "யாரு? நானா? அத்தான், இதே நாத்து இன்னும் நாலு எடத்துக்குப் போயிருக்கு. எல்லா எடத்துலயும் ஜோரா நிக்குது."

"அங்க நல்ல நாத்து போச்சு. சொந்தக்காரன்தானேன்னு இங்க கழிசலைத் தள்ளிட்டீங்க."

"அக்கா, கேட்டுக்கிட்டியா?"

பெரியம்மா பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என் தம்பியைக் கழிசல் விக்கறவன்னு சொல்றதா இருந்தா என்னை வெளிய அனுப்பிட்டுச் சொல்லுங்க."

"நான் நாத்தைச் சொன்னேன்."

"நாத்து தானா நடந்து வந்துச்சா?"

இப்படியே மத்தியானம் வரை போயிற்று. ஒருவர் முடித்த இடத்தில் இன்னொருவர் ஆரம்பித்தார், எல்லோரும் முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். இனி இந்த வாசல் மிதிப்பதில்லை என்று மாமா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். அவள் நடுவில் நின்றுகொண்டு, "நாத்தா இருந்தா இவ்வளவு நாள் தாங்காது பெரியப்பா, தண்ணியாலதான்" என்று சொல்லிப் பார்த்தாள். "நீ சும்மா இரு" என்று ஒரே குரலில் பதில் வந்தது. காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அப்போது அண்ணன் முன்குடிலிலிருந்து கயிற்றுச் சுருளோடு உள்ளே வந்தான். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"இன்னும் ரெண்டு வரிசையில விழுந்துடுச்சுப்பா. ஆனா ஒண்ணு, இந்த நோய் நல்லாப் படிச்ச நோய்."

"என்னடா உளர்றே?"

"பின்ன என்ன? எல்லா வரிசையிலயும் மூணாவது செடியாப் பாத்து விழுது. ஒண்ணு, ரெண்டு விட்டுட்டு, மூணு. அடுத்த வரிசை, ஒண்ணு, ரெண்டு, மூணு. எண்ணத் தெரிஞ்ச நோயை இப்பதான் பாக்கறேன். நம்ம பரீட்சைகிட்ட டியூஷன் படிச்சிருக்கும்போல."

மாமா அந்தச் சண்டையிலும் சிரித்துவிட்டார். பெரியப்பா மகனை முறைத்தார்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாய்வரை வந்த சிரிப்பு அங்கேயே நின்றது. தண்ணீரால் பரவியிருந்தால் தண்ணீர் ஓடும் பக்கமாக விழ வேண்டும். மண்ணால் என்றால் அண்ணன் இழுத்துப்போன நடைபாதை ஓரமாக விழ வேண்டும். நாற்று என்றால் எங்கே வேண்டுமானாலும் விழலாம். மூன்றாவது செடியாகப் பார்த்து விழ வேண்டும் என்றால், மூன்றாவது செடியாகப் பார்த்து யாரோ ஒருவர் போயிருக்க வேண்டும்.

கை தானாக இடுப்புக்குப் போயிற்று. நாலாக மடித்த துணி ஈரமாக இருந்தது.

அவள் வெளியே வந்து சாருக்குப் போன் போட்டாள். சார் வேறொரு வேலையில் இருந்தார். அன்று கத்தியைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தின் கடைசி என்ன என்று கேட்டதும் ஒரு பெருமூச்சு வந்தது.

"இதுக்கா போன் பண்ணினே? ஒவ்வொரு தடவையும் தொடைக்கணும், தண்ணியில இல்ல, ஸ்பிரிட்ல. தடவைக்கொரு புதுப் பஞ்சு. அதுதானே விஷயமே! ஈரத் துணியில தொடைச்சா அது தொடைக்கறது இல்லம்மா, தடவறது. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டாள். உடனே, "இல்ல சார், ஆயிடுச்சு" என்றாள். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டே வார்த்தை. கையைத் தூக்கியிருந்தால் போதும். பின்வரிசையில் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதானே? சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்! தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

முன்குடில் போனது போனதுதான். இனிப் பயம் பின்குடிலைப் பற்றித்தான். அங்கேயும் எல்லா வரிசையிலும் மூன்றாவது செடி. ஒரு வாரம் பிந்தித்தான் போனாள், ஆகவே ஒரு வாரம் பிந்தி விழும். நாளைக் காலை பின்குடிலில் முதல் பறிப்பு. ஆள் சொல்லியாகிவிட்டது. கத்திரியோடு உள்ளே போவார்கள், குலை குலையாக வெட்டுவார்கள். மூன்றாவதை வெட்டிய கத்திரி நாலாவதை வெட்டும், ஐந்தாவதை வெட்டும். அவளாவது துடைத்தாள். அவர்கள் அதுவும் செய்ய மாட்டார்கள்.

பழ அறைக்குள் திரும்பிப் போனபோது மாமா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, போகாதீங்க. பெரியப்பா, நாத்து இல்ல. தண்ணியும் இல்ல. நான்தான்."

"என்ன நீதான்?"

சொன்னாள். மூலையில் விட்டுவைத்த செடியிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னாள். ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் அப்போதும் விடவில்லை. நடுவில் ஒரு இடத்தில் நாள் தவறிவிட்டது என்று திருத்திச் சொன்னாள். முடித்ததும் பெரியப்பா கேட்டது வேறு.

"சரி. இப்ப என்ன செய்யணுங்கறே?"

"நாளைக்குப் பின்குடில்ல பறிக்கக் கூடாது. எல்லா வரிசையிலயும் மூணாவது செடியையும் அதுக்கு ரெண்டு பக்கத்துச் செடியையும் பிடுங்கணும்."

"பின்குடில்லயா?" அவர் குரல் ஏறியது. "ஒரு எலை வாடல! காய் குலை குலையாத் தொங்குது! முன்குடிலை முழுங்கிட்டு இப்ப அதையும் என் கையாலயே பிடுங்கச் சொல்றியா? தினமும் சாயங்காலம் போய்ப் பாக்கறேன், கல்லு மாதிரி நிக்குது!"

அந்தச் 'சாயங்காலம்' என்ற வார்த்தையில் அவளுக்கு இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிவிட்டது.

"சாயங்காலம் எல்லாம் நிக்கும் பெரியப்பா! அதைத்தான் இந்த மாசம் பூரா கத்திக்கிட்டிருக்கேன். இப்ப வாங்க. சாப்பிட்டுட்டு இல்ல, தூங்கிட்டு இல்ல. இந்த வெயில்ல, இந்த நிமிஷம் வாங்க!"

பெரியப்பா இப்படி ஒரு குரலை அவளிடம் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. அவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள்.

பின்குடிலுக்குள் மூச்சு முட்டியது. பிளாஸ்டிக் கூரையின் கீழே சூடு அப்படியே உட்கார்ந்திருந்தது. தக்காளி இலையின் காரமான வாடை மூக்கைப் பிடித்தது. முதல் வரிசை, மூன்றாவது செடி. உச்சியில் இரண்டு இலைகள், தூங்கப் போகும் நாயின் காதுபோல, மடிந்து தொங்கின. அதைத் தவிரச் செடிக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வரிசை, மூன்றாவது செடி நிமிர்ந்து நின்றது.

"பாத்தியா!" என்றார் பெரியப்பா.

அவள் அடுத்த வரிசைக்கு நடந்தாள். மூன்றாம் வரிசையில் உச்சி தொங்கியது. நாலாவதிலும். ஐந்தாவதில் இல்லை. ஆறாவதில் கொத்தாகத் தொங்கியது. பெரியப்பா இப்போது முன்னால் நடந்தார். ஒவ்வொரு வரிசைத் தலைப்பிலும் நின்று, வாய்க்குள்ளேயே ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நீட்டினார். விரல் போய் நின்ற இடத்தில் சில செடிகள் நின்றன, பல செடிகள் தொங்கின. வேறு எங்கேயும், ஒரு வரிசையிலும், வேறொரு செடி தொங்கவில்லை. கடைசி வரிசையில் அவர் கை நீண்டு, தொங்கிய இலையைத் தூக்கிப் பார்க்கப் போயிற்று.

"தொடாதீங்க!"

கை அந்தரத்தில் நின்றது. அவர் அதைத் திருப்பி, ஏதோ தன்னுடையதல்லாத கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"அத்தான்" என்றார் நாற்று மாமா வாசலில் நின்றபடி, "என் நாத்துக்கு அவ்வளவு கணக்கெல்லாம் வராது."

"போதும் மச்சான். காலையிலேருந்து பேசினது எல்லாம் என் தப்பு. செருப்பைக் கழட்டிட்டு வந்து சாப்பிடுங்க."

"சாப்பிடறேன். ஆனா கழிசல்னு சொன்னதை அக்கா மறக்க மாட்டா, பாத்துக்கோங்க."

"மறக்க மாட்டேன்" என்றார் பெரியம்மா.

அண்ணன் ஆட்களுக்குப் போன் போட்டு நாளைக்குக் கத்திரி வேண்டாம், கையுறை கொண்டுவாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணாடி டம்ளர் இனிமேல் குடிக்க ஆகாது, அது உன் வகுப்போடு போகட்டும் என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். அவள் திட்டுக்காகக் காத்திருந்தாள். பெரிய திட்டாக ஒன்று வந்து விழுந்துவிட்டால் நிம்மதியாக இருக்கும். பெரியப்பா முன்குடில் பக்கம் திரும்பி நின்றார். கையெட்டும் தூரத்தில் நாளைக்குப் பறிக்க வேண்டிய குலைகள் தொங்கின. அவர் அவற்றைப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு வகுப்பு இருக்கா?"

"இருக்கு. போகல பெரியப்பா. பை, ஸ்பிரிட் எல்லாம் வாங்கணும்."

"அதை அவன் வாங்குவான். நீ போ." சலிப்போடு துண்டை உதறித் தோளில் போட்டார். "போயி, தயவுசெஞ்சு முழு வாக்கியமா எழுதிட்டு வா."

மார்ச் 27, வியாழன்.

இன்று வகுப்பில் நான்கு முறை கை தூக்கினேன். மூன்றாவது தடவையே பின்வரிசையில் சிரித்தார்கள். மூலையில் விட்டுவைத்த செடியைப் பற்றிச் சொன்னதும் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பிடுங்கினாலும் பின்குடில் முழுதாகத் தப்பும் என்று சொல்ல முடியாது என்றார். பாதி தப்பலாமா என்று கேட்டேன். நாளை எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறோமோ அதைப் பொறுத்தது என்றார். இந்த வாக்கியத்தை முழுதாக எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.

நாளை: வெயில் ஏறும் முன் பின்குடில். முன்குடிலுக்குள் போனவர் யாரும் அதற்குள் வரக் கூடாது. கத்தி, கத்திரி கிடையாது, கையுறை மட்டும். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது செடி. வாடியது, வாடாதது என்று பார்க்கக் கூடாது. வேரோடும் மண்ணோடும் நின்ற இடத்திலேயே பையில் போட்டுக் கட்ட வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் கையுறையை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், தண்ணீரில் அல்ல, தடவைக்கொரு புதுப் பஞ்சு. பிறகு முன்குடில். கடைசியாக அந்த மூலைச் செடி. அதை நானே பிடுங்க வேண்டும்.